இறையியல் கல்லூரியில் நடத்தை விதிகள் எதற்கு?
"படிக்கத்தானே வருகிறோம், நடத்தை உறுதிமொழியில் ஏன் கையெழுத்து?" என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கே உருவாகிறவர்கள் நாளை சபையை மேய்க்கப் போகிறவர்கள். வேதாகமத்தில் 1 தீமோத்தேயு 3-ஆம் அதிகாரம் கண்காணிக்கு (சபையை நடத்தும் தலைவருக்கு) சொல்லும் தகுதிகளில் போதிக்கும் திறமை ஒன்றுதான். பெரும்பாலானவை பொறுமை, பண ஆசையின்மை போன்ற குணங்கள். அதனால்தான் கூட்டு ஜெபம், தேர்வில் நேர்மை, பாலியல் ஒழுக்கம் எல்லாம் விதிகளில் வருகின்றன.

எனக்கு முக்கியமாகப் படுவது நாவடக்கம். 1935-இல் ஜெர்மனியில், ஃபிங்கன்வால்டேயில் போதகர்களைப் பயிற்றுவித்த டீட்ரிக் போன்ஹோஃபர் ஒரு விதி வைத்தார்: ஒரு சகோதரர் இல்லாதபோது அவரைப் பற்றிப் பேசக் கூடாது, பேசிவிட்டால் அவரிடமே போய்ச் சொல்லிவிட வேண்டும். ஒரே விடுதியில் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு கஷ்டம்! மத்தேயு 18:15-உம் குறையை முதலில் தனியாக அவரிடமே சொல்லச் சொல்கிறது. ஆனால் துன்புறுத்தலை இந்த வசனத்தைக் காட்டி மூடி மறைக்கவே கூடாது; அது நேராகப் புகார்க் குழுவுக்குப் போக வேண்டும்.