தூண்டிலும் ரெயின்கோட்டும்: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மழை உடுப்பைப் பற்றியவை. தென்மேற்குப் பருவப்பெயர்ச்சி மே முதல் செப்டெம்பர் வரை மலையகத்தின் மேற்குச் சரிவை விடாமல் நனைக்கிறது. வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. கடைக்குப் போனதும் எல்லோரும் துணியைத்தான் தடவிப் பார்க்கிறோம். தையலையும் கைவாயையும் கழுத்தையும் முதலில் பாருங்கள்.

கே: காசல்ரீ நீர்த்தேக்கக் கரையில் தூண்டில் போடுகிறேன். மோட்டார் சைக்கிளுக்கு வாங்கிய ரெயின்கோட்தான் போடுவது. எங்கும் கிழிசல் இல்லை. ஆனாலும் இரண்டு மணித்தியாலத்தில் கையும் நெஞ்சும் நனைந்துவிடுகின்றன. தண்ணீர் எந்த வழியாக வருகிறது?
– நோர்வூட் வாசகர்

ப: நனைந்த இடத்தை வைத்தே வழியைக் கண்டுபிடிக்கலாம்.

முழங்கை வரை மட்டும் ஈரம் என்றால் கைவாய் வழியாக இறங்கியிருக்கிறது. தூண்டிலை வீசும்போது கை தலைக்கு மேலே போகிறது. நூலைச் சுற்றும்போது விரலில் சேர்ந்த தண்ணீர் அப்போது மணிக்கட்டைத் தாண்டி உள்ளே ஓடும். மோட்டார் சைக்கிள் ஓட்டுபவருக்கு இந்தச் சிக்கல் இல்லை, அதனால் அந்தக் கோட்டுகளில் கைவாயைப் பெரிதாகக் கவனிப்பதில்லை. வெளியே வெல்க்ரோ, உள்ளே இலாஸ்டிக் என்று இரட்டைக் கைவாய் உள்ள கோட்டுதான் தூண்டிலுக்குச் சரி. இருப்பதை வைத்துச் சமாளிக்க, பழைய மோட்டார் சைக்கிள் டியூப்பில் 4 சென்டிமீற்றர் அகலத்துக்கு ஒரு வளையம் வெட்டி, மணிக்கட்டில் கோட்டுக்கு மேலே மாட்டுங்கள். விரல் மரத்துப்போனால் வளையத்தின் இறுக்கம் அதிகம் என்று பொருள். உள்சட்டையின் கை வெளியே எட்டிப் பார்க்கவே கூடாது. அது விளக்குத் திரி போலத் தண்ணீரை முழங்கை வரை இழுத்துவிடும்.

தோளிலும் நெஞ்சிலும் ஈரம் கோடு கோடாக இருந்தால் தையல் ஒழுகுகிறது. இதை வீட்டிலேயே பார்க்கலாம். கோட்டின் கையை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, மணிக்கட்டுப் பக்கத்தை இறுகக் கட்டி, இரண்டு லீற்றர் தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பிடியுங்கள். பத்து நிமிடத்தில் ஊசித் துளைகளில் மணி மணியாகத் துளி தெரியும். துணியின் நடுவிலும் ஈரம் பூத்தால் பூச்சே போய்விட்டது, அந்தக் கோட்டுக்குச் செலவு செய்ய வேண்டாம். தையலில் மட்டும் என்றால், உட்புறத்தை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துக் காயவிட்டு, தையல் பசையை ஒரு சென்டிமீற்றர் அகலத்துக்கு மெல்லியதாகப் பூசுங்கள். பசை துணிக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்: பொலியூரிதேன் பூச்சுள்ள நைலோனுக்குப் பொலியூரிதேன் பசை, பிவிசி பிளாஸ்டிக் கோட்டுக்குப் பிவிசி பசை. மாற்றிப் பூசினால் இரண்டு மழையில் தோலாக உரிந்துவிடும். ஒரு இரவு காயவைத்து, மடிப்பதற்கு முன் முகப்பவுடர் தூவுங்கள், ஒட்டிக்கொள்ளாது.

கோடும் இல்லை, முதுகெல்லாம் ஒரே சீரான ஈரம் என்றால் அது உங்கள் வியர்வைதான். பிவிசி ஆவியை வெளியே விடாது. கோட்டைப் போட்டுக்கொண்டு மலைப்பாதையில் ஏறி இறங்கிவிட்டுக் கரையில் அசையாமல் நின்றால் அந்த வியர்வை குளிர்ந்து உடம்பை நடுக்கும். தூறல்தான் என்றால் கோட்டைப் பையில் வைத்து நடங்கள், கரைக்குப் போய்ப் போடுங்கள். உள்ளே பருத்தி பெனியன் வேண்டாம். பிளீஸ் எனும் மென்மயிர்ப் பொலியெஸ்டர் உடுப்பு அல்லது கம்பளி போடுங்கள், நனைந்தாலும் ஓரளவு சூடு நிற்கும். நடுக்கம் கூடி, பேச்சுக் குழறினால் அன்றைய மீன்பிடி அதோடு முடிந்தது. உடனே காய்ந்த உடுப்பு மாற்றி, கூரைக்குக் கீழே போங்கள்.

கே: நுவரெலியா பஜாரில் ஜேக்கட் மலிவாகக் கிடைக்கிறது. சிலதில் 10,000 என்று எழுதியிருக்கிறது. சிலதில் லேபிளே வெட்டப்பட்டிருக்கிறது. எதை நம்பி வாங்குவது?
– நானுஓயா வாசகர்

ப: அந்த எண் மில்லிமீற்றரில் தண்ணீர்த் தூணின் உயரம். துணியின் மேல் அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலும் ஒழுகாது என்று பொருள். நிற்பவரின் மேல் விழும் மழைக்கு 3000 கூடப் போதும். உட்காரும்போதும் முழங்காலூன்றும்போதும்தான் கணக்கு மாறுகிறது. 75 கிலோ ஆள் ஈரப் பாறையில் முழங்காலூன்றினால் சதுர சென்டிமீற்றருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம் வரும். அது 10 மீற்றர், அதாவது 10,000 மில்லிமீற்றர் தண்ணீருக்குச் சமம். ஆகவே பெரிய எண்ணைத் தேட வேண்டியது காற்சட்டையில். கோட்டில் அவ்வளவு தேவையில்லை.

லேபிள் இல்லாவிட்டால் கடையிலேயே மூன்று காரியம் செய்யுங்கள். உட்புறத்தைத் திருப்பி, ஒவ்வொரு தையலின் மேலும் நாடா ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், முக்கியமாகத் தொப்பி கழுத்தோடு சேரும் இடத்தில். நாடாவின் நுனியை நகத்தால் நெம்புங்கள். எழும்பினால் வைத்துவிடுங்கள். பிறகு துணியை வாயோடு அழுத்தி ஊதுங்கள். காற்று இலேசாக உள்ளே போனால் அது மழைக்கானது அல்ல.

பஞ்சு வைத்த பனி ஜேக்கட்டுகள் அங்கே நிறைய. தொட்டால் ஆசை வரும், ஆனால் தூண்டிலுக்கு வேண்டாம். உள்பஞ்சு ஒருமுறை நனைந்தால் எங்கள் மலைக் குளிரில் காய நாட்கள் ஆகும். மெல்லிய கோட்டு, அதற்குள் தனியாகப் பிளீஸ், இதுதான் பயன்படும். பிளீசுக்கு மேல் போட்டுப் பார்த்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குங்கள். இடுப்பு வெளியே தெரிந்தால் ஒரு அளவு பெரிதாக எடுங்கள்.

கே: வெளிநாட்டிலிருந்து அண்ணன் அனுப்பிய கோர்டெக்ஸ் ஜேக்கட். முதலில் தண்ணீர் உருண்டு ஓடியது. இப்போது துணி கறுத்து ஊறுகிறது. ஜேக்கட் போய்விட்டதா?
– பொகவந்தலாவை வாசகர்

ப: இல்லை. கோர்டெக்ஸ் என்பது தண்ணீரைத் தடுத்து ஆவியை வெளியே விடும் உட்சவ்வு, அது நன்றாகவே இருக்கலாம். வெளித்துணியில் தண்ணீரை உருட்டிவிடும் பூச்சுதான் அழுக்கேறிச் செயலிழந்திருக்கிறது. வெளித்துணி ஊறினால் வியர்வை ஆவி வெளியேற வழியின்றி உள்ளே நீராகும், ஒழுகுவது போலவே தெரியும். மீன் வழும்பு, இரை எண்ணெய், விறகுப் புகை மூன்றும் இந்தப் பூச்சுக்கு எதிரி. லயத்து அடுப்புக்கு மேலே உள்ள கொடியில் காயப்போடாதீர்கள்: புகை பூச்சைக் கெடுக்கும், சூடு தையல் நாடாவைக் கழற்றும்.

எல்லா ஸிப்பையும் மூடி, மென்மையான திரவச் சவர்க்காரத்தில் கழுவி, இரண்டு முறை அலசுங்கள். துணி மென்மையாக்கியும் புளீச்சும் கூடாது. நிழலில் காயவைத்து, லேபிள் அனுமதித்தால், மேலே ஒரு துவாயை விரித்துக் குறைந்த சூட்டில், நீராவி இல்லாமல் அயன் பண்ணுங்கள். சூடு பட்டால் பூச்சு மீண்டும் எழும்பும். அப்படியும் உருளாவிட்டால் நீர்விலக்கும் ஸ்பிரே வாங்கி அடியுங்கள். பிவிசி கோட்டுக்கு மட்டும் அயன் பெட்டியைக் காட்டாதீர்கள்.

கே: மவுசாகலை நீர்த்தேக்கத்தில் வள்ளத்தில் போகும்போது போஞ்சோ (தலைவழியாக மாட்டும் கையில்லாத மழைப் போர்வை) போடலாமா? உயிர்காப்பு அங்கி உள்ளேயா வெளியேயா?
– மஸ்கெலியா வாசகர்

ப: போஞ்சோ வேண்டாம். காற்றில் தூக்கும், தூண்டில் முள் மாட்டும், தண்ணீரில் விழுந்தால் முகத்தைச் சுற்றிக்கொள்ளும். உயிர்காப்பு அங்கி எப்போதும் கோட்டுக்கு வெளியே. காற்று நிரம்பி விரியும் வகையைக் கோட்டுக்குள் போட்டால் விரிய இடமில்லாமல் நெஞ்சை நெரிக்கும்.

கே: மழை தொடங்கும் முன்பே காற்சட்டை நனைந்துவிடுகிறது. பூட்ஸுக்குள்ளும் தண்ணீர். அட்டை வேறு.
– தலவாக்கலை வாசகர்

ப: தேயிலைச் செடியும் மானாப் புல்லும் காலையில் இடுப்பு வரை நனைக்கும். கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் படங்கு கட்டுவது இதற்காகத்தான். ஆகவே நடக்கும்போது கோட்டு பையில், மழைக் காற்சட்டை காலில். அதன் கால் பூட்ஸுக்கு வெளியே விழ வேண்டும். உள்ளே செருகினால் வழியும் மழையெல்லாம் பூட்ஸுக்குள் போய்ச் சேரும். தோள்பட்டி வைத்து நெஞ்சு வரை வரும் காற்சட்டை கிடைத்தால் அதையே வாங்குங்கள், குனியும்போது முதுகு நனையாது. கடையில் ஒருமுறை குந்திப் பாருங்கள், மலிவானவை இருக்கைத் தையலில்தான் முதலில் பிளக்கும்.

அட்டைக்குக் காலுறையில் ஈரச் சவர்க்காரம் தேய்க்கலாம். டீட் என்ற பூச்சிவிரட்டி கலந்த மருந்து நைலோனுக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் பிவிசியையும் தூண்டில் தடியின் வார்னிஷையும் கெடுக்கும், கையைத் துடைத்துவிட்டுத் தடியைத் தொடுங்கள்.

தலவாக்கலையிலிருந்து எழுதியதால் இதையும் சொல்ல வேண்டும். மேல் கொத்மலையின் வான்கதவு திறந்தால் கீழே ஆற்றில் தண்ணீர் வேகமாக உயரும். அடைமழை நாளில் அணைக்குக் கீழே ஆற்றில் இறங்காதீர்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி கேட்டவுடன் தடியைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிடத்துக்கோ வாகனத்துக்கோ போங்கள். கார்பன் தடி மின்சாரத்தைக் கடத்தும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் பொறுங்கள்.

கே: ஒரு வருடம் மடித்து வைத்த கோட்டு உள்ளே பிசுபிசுக்கிறது, நாற்றமும் அடிக்கிறது. கழுவினால் சரியாகுமா?
– ஹட்டன் வாசகர்

ப: ஆகாது. ஈரப்பதம் பொலியூரிதேன் பூச்சை மெல்ல மெல்லச் சிதைத்துவிட்டது. அடுத்து அது செதில் செதிலாக உதிரும். அதன் மேல் எந்தப் பசையும் பிடிக்காது. புதிய கோட்டை ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீரில் அலசி, உள்ளும் புறமும் காயவைத்து, பொலித்தீன் பையில் கட்டாமல் ஹேங்கரில் காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள்.