அடமானப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன்

அன்புள்ள அம்மாவுக்கு,

மகளுக்கு மார்க் போதவில்லை, வீட்டை அடமானம் வைத்து மருத்துவ சீட் வாங்கலாமா என்று கேட்டு நீங்கள் எழுதிய நாலு பக்கத்தில் உங்கள் மகள் பேசியது ஒரே வரி: "எனக்கு ஆம்புலன்ஸ்ல வேலை பாக்கணும்." மற்றதெல்லாம் பெரியப்பாவும் சித்தியும் பேசியது. கவலைப்படாதீர்கள், அடுத்த வருடம் மார்க் கூடும் என்று ஆறுதல் சொல்லலாம்தான். ஆனால் வீட்டை அடமானம் வைத்து மருத்துவ சீட் வாங்குவது தப்பு. பட்டம் வாங்கியதோடு செலவு நிற்காது. மேற்படிப்பு முடிகிறவரை வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். அதுவும் பிள்ளை கேட்காத படிப்புக்கு! நர்சிங், பார்மசி பற்றி உறவினர்களே சொல்லியிருப்பார்கள், விட்டுவிடுகிறேன்.

அவள் கேட்பது அவசர சிகிச்சை, விபத்துக் காயப் பராமரிப்புப் படிப்பு. "ஸ்ட்ரெச்சர் தள்ளுற வேலை" என்றாராம் பெரியப்பா. அந்த ஸ்ட்ரெச்சரில் பெரியவருக்குப் பதில் ஒரு வயதுக் குழந்தை கிடந்தால் என்னென்ன மாறும் என்று பாருங்கள்.

குழந்தைக்குத் தலை பெரியது. தட்டையான பலகையில் கிடத்தினால் பின்மண்டை உந்தி, தாடை நெஞ்சில் இடித்து, மூச்சுக்குழல் மடங்கும். தோளிலிருந்து இடுப்புவரை ஓரங்குல உயரத்துக்குத் துணி மடித்து வைத்தால்தான் கழுத்து நேராகும்.

அடுத்தது ரத்தம். குழந்தைக்குக் கிலோவுக்குச் சுமார் 80 மில்லி; 10 கிலோ குழந்தையிடம் மொத்தமே 800. பெரியவர் 200 மில்லி இழந்தால் பெரிதாகத் தெரியாது, இந்தக் குழந்தைக்கு அது கால் பங்கு. சிக்கல் என்னவென்றால், ரத்தக்குழாய்கள் இறுகிக்கொண்டு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ரத்தம் போகும்வரை பி.பி.யைத் தாங்கிப் பிடிக்கும், பிறகு சட்டென்று சரியும். பி.பி. நார்மல் என்று நிம்மதியாக இருந்தவர்கள் ஏமாந்தது இங்கேதான். பார்க்க வேண்டியது வேகமான நாடி, சில்லிட்ட கை, நகத்தை அழுத்தி விட்டால் 2 விநாடி கடந்தும் திரும்பாத சிவப்பு. அழுகிற குழந்தையைவிட அழாமல் சோர்ந்து கிடக்கிற குழந்தைக்குத்தான் முதலில் ஓட வேண்டும்.

குழந்தையின் விலா எலும்பு வளையும், எளிதில் முறியாது. எக்ஸ்ரேயில் முறிவே இல்லாமல் உள்ளே நுரையீரல் நசுங்கியிருக்கலாம். உடம்புச் சூடும் சீக்கிரம் இறங்கும், இறங்கினால் ரத்தம் சரியாக உறையாது. எனவே பரிசோதித்த கையோடு போர்த்திவிட வேண்டும்.

மருந்துக்கணக்கு தனி. இதயம் நின்றுவிட்டால் அதைத் தூண்டக் கொடுக்கும் அட்ரினலின் மருந்து பெரியவருக்கு 1 மில்லிகிராம். குழந்தைக்குக் கிலோவுக்கு 0.01, அதாவது 10 கிலோவுக்கு 0.1. புள்ளி ஓரிடம் நகர்ந்தால் பத்து மடங்கு போய்விடும். ஓடும் வண்டியில், தாய் பக்கத்தில் கதற, இந்தக் கணக்கைப் போட வேண்டும். இதையா வெறும் ஸ்ட்ரெச்சர் தள்ளுற வேலை என்கிறார் பெரியப்பா?

சம்பளம் மருத்துவருக்கு நிகராக வராது. இரவுப்பணி உண்டு, ஆள் தூக்கித் தூக்கி முதுகு வலிக்கும். இதையும் அவளிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கல்லூரி பார்க்கப் போனால் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். கைக்குழந்தை அளவிலும் ஐந்து வயது அளவிலும் பயிற்சிப் பொம்மைகள் இருக்கின்றனவா, ஆம்புலன்ஸில் எத்தனை மணிநேரம் பயிற்சி, எந்த மருத்துவமனையில், படித்து முடித்தால் இந்தத் தொழிலுக்கான பதிவுக்குத் தகுதி உண்டா என்று கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

அதற்கு முன்னால் அவளை ஒரு முதலுதவிப் பயிற்சியில் சேர்த்துவிடுங்கள். முடித்து வந்து அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்கும்வரை அடமானப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.