அக்கா மகனுக்கு இரண்டரை வயதாகியும் பேச்சு வரவில்லை, ஆட்டிசமாக இருக்குமா? பொறுத்துப் பார்க்கலாமா?

பொறுக்க வேண்டாம். 'அவன் அப்பனே நான்கு வயதில்தான் பேசினான்' என்று சொல்லும் ஆத்தா எங்கள் கொங்கு நாட்டில் வீட்டுக்கு வீடு உண்டு. ஆனால் பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை, எதையும் விரல் நீட்டிக் காட்டுவதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஒன்றரை வயதுக் குழந்தை காக்கையைக் காட்டிவிட்டு நம் முகத்தைப் பார்க்கும். பேச்சு வராததைவிட அது இல்லாததைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன்.

முதலில் காது கேட்கிறதா என்று சோதியுங்கள். பிறகு வளர்ச்சி மதிப்பீடு, அதாவது பேச்சும் பழக்கமும் வயதுக்கேற்றபடி இருக்கின்றனவா என்று பார்ப்பது. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதற்கென்றே தொடக்கநிலை இடையீட்டு மையம் இருக்கிறது. ஆட்டிசம் என்பது பேசுவதையும் பிறரோடு பழகுவதையும் பாதிக்கும் மூளை வளர்ச்சி வேறுபாடு. ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ அது தெரியாது. குழந்தையைக் கவனித்தும் பெற்றோரைக் கேட்டும்தான் சொல்வார்கள். அது உறுதியாகும்வரை ஸ்பீச் தெரபியை, அதாவது பேச்சுப் பயிற்சியை, தள்ளிப்போட வேண்டியதில்லை.

என் மகனுக்கும் ஆட்டிசம்தான். இப்போது நான்காம் வகுப்பு. பல்லடம் பக்கம், வீட்டை ஒட்டியே தறிக்குடோன். தறிச் சத்தத்தில் நன்றாக உறங்குவான். மிக்சி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு கத்துவான். விடாமல் ஒரே தாளத்தில் ஓடும் சத்தம் வேறு, சொல்லாமல் கொள்ளாமல் வந்து விழும் சத்தம் வேறு. முதுகில் இரண்டு வைத்தால் சரியாகிவிடும் என்றார்கள் உறவினர்கள். நான் ஜாரை அவனிடம் காட்டிவிட்டுத்தான் மிக்சியைப் போடுகிறேன். அவனே திண்ணைக்குப் போய்விடுகிறான்.

சிறு வயதில் தண்ணீர் வேண்டுமென்றால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து வந்து குடத்தின் மேல் வைப்பான். முகத்தைப் பார்க்க மாட்டான். தெரபிஸ்ட் சொன்னபடி அவனுடைய டம்ளரையே படமெடுத்து அட்டையில் ஒட்டினோம். அட்டையைக் கொடுத்தால் தண்ணீர். படம் காட்டிப் பழக்கினால் பேச்சே வராது என்று பயமுறுத்துவார்கள், நம்பாதீர்கள். அவனுக்குப் பேச்சு வந்தது, கண்டக்டரின் அதே ராகத்தில்: 'சூலூர், ஒண்டிப்புதூர், சிங்காநல்லூர்!' வெளியே கூட்டிக்கொண்டு போ என்று அதற்குப் பொருள்.

அக்கா வேலைக்குப் போவதால்தான் இப்படி என்று வீட்டில் பேசுகிறார்களாமே. தாயின் கவனிப்புக் குறைவால் ஆட்டிசம் வருவதில்லை. தடுப்பூசியாலும் இல்லை, அந்தப் புரளியைக் கிளப்பிய 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை லான்செட் மருத்துவ இதழே 2010-இல் திரும்பப் பெற்றுவிட்டது. மந்திரித்துக் கயிறு கட்டினால் கட்டட்டும், பெரியவர்களுக்கு நிம்மதி. முழுவதும் குணமாக்குகிறேன் என்று லேகியம் விற்பவனிடம் மட்டும் பணத்தைக் கொட்டாதீர்கள்.

ஆட்டிசம் என்று உறுதியானால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் சேர்க்கப்பட்டிருக்கிறது. அட்டை வாங்கினால் ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று தயங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

மருத்துவமனைக்கு மாமன் நீங்களும் கூடப் போங்கள். போகுமுன் அவன் வீட்டில் விளையாடுவதையும், கூப்பிட்டால் என்ன செய்கிறான் என்பதையும் கைபேசியில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புது இடத்தில் அவன் அழுதுகொண்டே இருந்தால் மருத்துவருக்கு அதுதான் உதவும்.