அடுப்படிக் கணக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பட்டியல் எழுதிக்கொண்டுதான் கடைக்குப் போகிறேன். அதில் இல்லாததைத் தொடுவதில்லை. ஆனாலும் இருபதாம் தேதிக்கு மேல் பர்ஸ் காலி. எங்கே கோட்டை விடுகிறேன், அக்கா?

பதில்: உங்கள் குப்பைக்கூடையிடம் கேளுங்கள். கிண்டலில்லை. நானும் ஒரே சம்பளத்தில் நாலு வயிற்றைப் பார்த்தவள்தான். கடையில் ஒவ்வொரு பொட்டலத்தையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். வீட்டுக்கு வந்ததும் அதை மறந்துவிடுவேன். ஒருநாள் வந்த கோபத்தில் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டி, தூக்கிப் போடுவதை எல்லாம் அதில் எழுதுங்கள் என்று வீட்டில் சொன்னேன். ஒரு வாரத்தில் தாள் நிரம்பிவிட்டது. முக்கால் கட்டுக் கீரை, பூஞ்சை பிடித்த ரொட்டித் துண்டுகள், யாரும் சீண்டாத முந்தாநாள் சாதம், ‘புதுசா ஏதாவது செய்வோம்’ என்று ஆசைப்பட்டு வாங்கி உறைகூடப் பிரிக்காத காளான். தாளில் என் கையெழுத்துதான் அதிகம் என்பதை வீட்டில் இன்றும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

நம் வீடுகளில் மட்டும் நடப்பதல்ல இது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2022-ல் உலகம் முழுக்க வீணான உணவு சுமார் 105 கோடி டன். அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது. ஹோட்டலும் கடையும் அதற்கு அப்புறம்தான்.

பட்டியலை எங்கே உட்கார்ந்து எழுதுகிறீர்கள்? சோபாவில் என்றால் அது ஞாபகத்திலிருந்து எழுதுவது. அலமாரியையும் ஃபிரிட்ஜையும் திறந்து பார்த்துவிட்டு எழுதுங்கள் (ஃபிரிட்ஜை உடனே மூடிவிடுங்கள், கரண்டும் காசுதான்). முதலில், இருப்பதை வைத்து எத்தனை வேளை ஓட்டலாம் என்று குறியுங்கள். அதற்கு எது குறைகிறதோ, அதுதான் பட்டியல். ரப்பர் மாதிரி வளைகிற கேரட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். குளிர்ந்த தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறினால் மறுபடி விறைப்பாகிவிடும்.

கேள்வி: மூட்டையாக வாங்கினால் மலிவு என்கிறார் மாமியார். சில்லறையாக வாங்கு என்கிறார் கணவர். யார் பக்கம் பேசுவது?

பதில்: குடும்பச் சண்டையில் என்னை இழுக்காதீர்கள். என் கதையைச் சொல்கிறேன், முடிவு உங்களுடையது.

தள்ளுபடி என்று ஒருமுறை அரிசி மூட்டையை இறக்கினேன். மூன்றாம் மாதம் டின்னைத் திறந்து கையை விட்டால், அரிசி லேசாக வெதுவெதுப்பாக இருக்கிறது. ஒரு பிடி அள்ளித் தட்டில் பரப்பினேன். மணிகளுக்கு நடுவில் மிளகைவிடச் சின்னதாக, மூக்கு நீண்ட கறுப்பு வண்டுகள் நாலா பக்கமும் ஓடின. சில அரிசியில் ஊசி குத்தியதுபோல் ஓட்டை. பெண் வண்டு மணியைத் துளைத்து, உள்ளே முட்டையிட்டு, துளையை அடைத்துவிட்டுப் போய்விடுமாம். கழுவினாலும் புடைத்தாலும் உள்ளே இருப்பது போகாது. வெயிலில் காயவைத்து, சலித்து, பாதியைக் கொட்டினேன். மிச்சம் பிடித்தது எல்லாம் அந்தப் பாதியோடு போனது.

அதன்பிறகு எனக்கு ஒரே கணக்கு: ஒன்றரை மாதத்தில் தீராத எதையும் பெரிய பொட்டலமாக வாங்குவதில்லை. ஃப்ரீஸர் இருப்பவர்கள் புதிதாக வாங்கிய தானியத்தை மைனஸ் 18 டிகிரியில் நாலு நாள் வைத்தால் முட்டையும் புழுவும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் உறையைப் பிரிக்காமல் சாதாரணச் சூட்டுக்கு வரவிடுங்கள், இல்லாவிட்டால் ஈரம் கோத்துக்கொள்ளும்.

இன்னொன்று. பெரியது மலிவு என்று நம்பாமல் விலையை எடையால் வகுத்துப் பாருங்கள். சில சமயம் சின்னப் பொட்டலமே மலிவாக இருக்கும். பழைய விலையிலேயே 500 கிராம் பொட்டலம் 450 ஆகியிருந்தால், சத்தமில்லாமல் 11 சதவீதம் விலை ஏற்றிவிட்டார்கள் என்று அர்த்தம்.

கேள்வி: கொண்டைக்கடலை ராத்திரி முழுக்க ஊறியும் வேகவே மாட்டேன் என்கிறது. பருப்பு மலிவு என்கிறீர்கள், கேஸ் யார் கொடுப்பது?

பதில்: நியாயமான கோபம்! மூன்று பேர்மேல் சந்தேகப்படலாம். முதலாவது, கடலையின் வயசு. நாள்பட்டது எவ்வளவு ஊறினாலும் முரண்டு பிடிக்கும். அதனால் கூட்டம் அதிகமாக வந்து போகும் கடையில் வாங்குங்கள். அங்கே சரக்கு தேங்காது. இரண்டாவது, புளிப்பு. தக்காளியையோ எலுமிச்சையையோ முதலிலேயே போட்டால் தோல் இளகாது. கடலை வெந்தபிறகு சேருங்கள். மூன்றாவது, உப்புத் தண்ணீர், அதாவது குழாயில் வரும் கடினநீர். ஊறவைக்கும்போது ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் அதைச் சமாளிக்கலாம்.

சாப்பாட்டு உப்பு போட்டால் கடலை வேகாது என்பார்கள். பாவம், அது சும்மா பழி சுமக்கிறது. ஊறும் தண்ணீரில் கொஞ்சம் போட்டால் தோல் இன்னும் மெத்தென்று ஆகும்.

வெந்ததா என்று பார்க்க ஒரு கடலையைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்குங்கள். நடுவில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொட்டு தெரிந்தால் இன்னும் நேரம் வேண்டும். ராஜ்மாவுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். அரைவேக்காட்டு ராஜ்மா வயிற்றைப் புரட்டி எடுத்துவிடும். அதை அடுப்பில் சிம்மில் மட்டும் வைத்து சிக்கனம் பண்ணாதீர்கள்.

கேள்வி: தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். ஒரு அடுப்பு, ஒரு பாத்திரம், நண்பர்களோடு பங்குபோடும் ஃபிரிட்ஜ். ஞாயிறன்று சமைத்த சாதத்தை எத்தனை நாள் வைக்கலாம்?

பதில்: ஒரு நாள், தம்பி. அதுவும் சீக்கிரம் ஆறவைத்திருந்தால். சாதத்தில் ஒரு வகைக் கிருமியின் விதை கொதிநீரிலும் சாகாது. இளஞ்சூட்டில் சாதம் வெளியே கிடந்தால் அது முளைத்து நஞ்சைக் கக்கும். அப்புறம் எவ்வளவு சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு, வடித்த ஒரு மணி நேரத்துக்குள் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். வாரம் முழுக்கச் சமைத்து வைக்க வேண்டுமானால் பருப்பை வேகவைத்து ஃப்ரீஸரில் போடுங்கள். சாதம் அன்றன்றைக்கு வடிக்கலாம், இருபது நிமிட வேலைதானே.

முட்டையும் பக்கத்துணை. தண்ணீரில் போட்டால் படுத்துக்கொள்வது புதுசு, எழுந்து நிற்பது பழசு, மிதப்பது ரொம்பப் பழசு. அதை உடைத்து முகர்ந்து பார்க்கும் தைரியம் எனக்கில்லை.

கேள்வி: வெங்காயம் ஏன் இப்படி முளைவிடுகிறது?

பதில்: உருளைக்கிழங்கோடு ஒரே கூடையில் வைத்திருக்கிறீர்கள். பிரித்துவிடுங்கள்.

கேள்வி: நான் சிக்கனம் பண்ண ஆரம்பித்ததிலிருந்து சாப்பாட்டில் ருசியே இல்லை என்கிறார் வீட்டுக்காரர்.

பதில்: எதைக் குறைத்தீர்கள் என்று எழுதவில்லை. எண்ணெயையும் மசாலாவையும் குறைத்திருந்தால், அவர் சொல்வது சரி. மாதக் கணக்கில் பார்த்தால் அவை பெரிய செலவில்லை. ஆனால் மலிவான பொருளுக்கு ருசி ஏற்றுவது அவைதான். நான் குறைத்தது இறைச்சியை. கால் கிலோ போடும் இடத்தில் நூறு கிராமைப் பொடியாக நறுக்கி, பருப்போடு சேர்த்தேன். பிள்ளைகளுக்கு வித்தியாசமே தெரியவில்லை.

பிறகு வெங்காயம். அவசரமாக ஐந்து நிமிடம் வதக்கியதும், சிறு தீயில் அரை மணி நேரம் வதக்கி அல்வா நிறத்துக்கு வந்ததும் இரண்டு வேறு பொருள்கள். இதற்குக் காசு கொஞ்சம், பொறுமை நிறைய. அந்தப் பொறுமை உங்களுக்கு இல்லையென்றால், கரண்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய் உட்காருங்கள். அடிப்பிடிக்கிற வாசனை வந்தால் மட்டும் எட்டிப் பாருங்கள்.