பின்னறைச் சாவி யாரிடம் இருக்கிறது?

கேள்வி: அப்பா இறந்தபிறகு அம்மா எங்களோடு வந்துவிட்டார். காலியாகக் கிடக்கும் அவர்கள் வீட்டை வாடகைக்கு விடப்போகிறேன். மாதம் 15,000 ரூபாய், 3 வருட ஒப்பந்தம் என்று பேசி முடித்தாயிற்று. அம்மாவின் பீரோவும் பாத்திரங்களும் பின்னறையில் இருக்கின்றன. அதைப் பூட்டிச் சாவியை அவரே வைத்திருக்கிறார். மற்ற பகுதி முழுக்க குடிவருபவருக்குத்தான். வீடு அம்மா பேரில் இருந்தாலும், வயதானவரை அலைய வைக்காமல் நானே கையெழுத்துப் போடலாமா? பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடிக்கலாமா? ஒப்பந்தத்தில் வேறு என்னென்ன எழுத வேண்டும்?

– ஒரு வாசகர், தமிழ்நாடு

பதில்: பெயிண்டிங் கணக்கு இருக்கட்டும் தம்பி. பின்னறைச் சாவி அம்மாவிடம் இருக்கிறதென்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதை முதலில் பேசுவோம்.

பீரோவை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லாமல், அங்கேயே வைத்துப் பூட்டிச் சாவியையும் கையில் வைத்திருக்கிறார். துக்கம் ஆறியதும் திரும்பிப் போகலாம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தால்? கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அம்மாவிடம் கேட்டதாக ஒரு வார்த்தை இல்லை. யாரோ ஒருவரோடு உட்கார்ந்து 3 வருடம் என்று பேசியிருக்கிறீர்கள். வீட்டுக்குச் சொந்தக்காரர் பக்கத்து அறையில்தான் இருக்கிறார், அவரிடம் பேசவில்லை. அலைய வைக்க வேண்டாமாம்! வயதானவர்களைக் கேட்காமல் முடிவெடுக்கும் எல்லா வீட்டிலும் இதே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள். கணவரை இழந்த அம்மாவுக்கு மிஞ்சியிருப்பது அந்த வீடு. அதைப் பற்றிய பேச்சில் முதல் வார்த்தை அவருடையதாக இருக்க வேண்டும்.

சட்டமும் இதையேதான் சொல்கிறது. தனக்கில்லாத உரிமையை ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. ஒப்பந்தத்தில் 'வீட்டு உரிமையாளர்' என்று உங்கள் பெயரைப் போட்டால் அது பொய். நாளை அம்மா 'எனக்குத் தெரியாது' என்று சொன்னால், வாங்கிய பணத்துக்கு நீங்கள்தான் குடிவந்தவரிடம் பதில் சொல்ல வேண்டும். குடிவருபவர் வேலைக்குப் போகிறவராக இருந்தால் வீட்டு வாடகைப் படிக்கு வரிச்சலுகை கேட்கக்கூடும். வருட வாடகை 1 லட்சத்தைத் தாண்டினால் அவருடைய அலுவலகம் உரிமையாளரின் பான் எண்ணைக் கேட்கும். உங்கள் கணக்கில் 1,80,000. யாருடைய பான் எண்ணைக் கொடுப்பீர்கள்? வாடகை அம்மாவின் வருமானம். அவர் கணக்கில்தான் வந்து விழ வேண்டும், அவர் பெயரில்தான் வரிக்கணக்கில் காட்ட வேண்டும்.

அம்மாவால் நிஜமாகவே வெளியே போக முடியவில்லை என்றால் அவர் உங்களுக்கு அதிகாரப் பத்திரம் (பவர்) எழுதிப் பதிவுசெய்து கொடுக்கட்டும். அப்போதும் உரிமையாளர் அவர்தான், நீங்கள் அவருடைய முகவர் என்றுதான் கையெழுத்திட முடியும். கை நடுக்கத்தில் கையெழுத்து கிரயப் பத்திரத்தில் இருப்பதுபோல் வராவிட்டால் பதறாதீர்கள். இரண்டு சாட்சிகள் முன்னால் கைரேகையும் வைக்கச் சொல்லுங்கள். பகல் வெளிச்சத்தில், அவசரமில்லாமல்.

அடுத்தது காலம். 3 வருடத்தை விடுங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கட்டாயம் பதிவுசெய்தாக வேண்டும், முத்திரைத்தாள் செலவும் கூடும். ஊரெல்லாம் 11 மாதம் எழுதுவது இதனால்தான். உங்களுக்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு: அம்மா திரும்பிப் போக நினைத்தால் வீடு கையில் இருக்க வேண்டும். 11 மாதம் எழுதுங்கள். காலி செய்ய இரு தரப்புக்கும் 2 மாத நோட்டீஸ், புதுப்பித்தால் வாடகை எத்தனை சதவீதம் கூடும் என்பதையும் இப்போதே எழுத்தில் வையுங்கள். 11 மாதம்தானே, பதிவே வேண்டாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். இணையத்திலேயே செய்யலாம்.

இப்போது பின்னறை. இணையத்தில் கிடைக்கிற மாதிரி ஒப்பந்தங்களில் 'கதவு எண் இன்ன வீடு' என்று மொத்தமாகத்தான் இருக்கும். அப்படியே கையெழுத்தானால் பூட்டிய அறையும் வாடகையில் சேர்ந்துவிடும். பிறகு அம்மா ஒரு புடவை எடுக்கப் போனாலும் அடுத்தவர் வீட்டுக்குள் நுழைந்த கதைதான். அதனால் சொத்து விவரத்தில், 'வீட்டின் பின்பக்கம் உள்ள, பூட்டப்பட்ட ஓர் அறை இந்த வாடகையில் சேராது, அது உரிமையாளரின் வசம் இருக்கும்' என்று தனி வரி எழுதுங்கள். அந்த அறைக்கு எந்த வழியாகப் போவது, மாதத்தில் எத்தனை முறை என்பதும் வேண்டும். குடியிருப்பவரின் பகுதிக்குள் உரிமையாளர் நுழைய 24 மணி நேரம் முன்பே தகவல் தர வேண்டும், காலை 7 மணியிலிருந்து இரவு 8 மணிக்குள்தான் போக வேண்டும் என்கிறது சட்டம். பின்னறைக்குப் போவதற்கும் அதே ஏற்பாட்டை எழுதிவிட்டால் சண்டை வராது. அறைக்குள் என்னென்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் எடுத்துப் படமும் பிடித்துக்கொள்ளுங்கள். நகை, பத்திரம் எதுவும் அங்கே இருக்கக் கூடாது.

வாடகைக்குக் கொடுக்கும் பகுதிக்கும் பட்டியல் வேண்டும். விசிறி எத்தனை, விளக்கு எத்தனை, கீசர் ஓடுகிறதா, எந்தச் சாவியில் எத்தனை பிரதி. சாவி கொடுக்கும் அன்று மின் மீட்டர் முன்னால் இருவரும் நின்று, மீட்டரில் தெரியும் எண்ணையும் இணைப்பு எண்ணையும் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் பேனாவால் எழுதிக் கையெழுத்திடுங்கள். காலி செய்யும்போது வருகிற தகராறில் பாதி, இந்த ஒரு வரி இல்லாததால் வருவது. எத்தனை பேர் குடியிருப்பார்கள், தண்ணீருக்கும் பராமரிப்புக்கும் யார் பொறுப்பு, உள்வாடகை கூடாது என்பவை மாதிரியிலேயே இருக்கும், படித்துப் பாருங்கள். கோடிட்ட இடம் ஒன்றுகூடக் காலியாக இருக்கக் கூடாது, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வேண்டும், ஆளுக்கு ஓர் அசல்.

பெயிண்டிங்குக்குப் பிடிக்காதீர்கள். வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு வண்ணம், குழாய் மாற்றுவது, மின் வயரிங் இவையெல்லாம் 2017 வாடகைச் சட்டத்தின் 2-ஆம் அட்டவணையில் உரிமையாளர் பொறுப்பாக இருக்கின்றன. குழாய் வாஷர், சுவிட்ச், கழிவுநீர் அடைப்பு, உடைந்த கண்ணாடி, பூட்டு ஆகியவை குடியிருப்பவர் பாடு. வாழ்ந்த வீட்டில் சுவர் மங்கத்தான் செய்யும். ஓட்டை போட்டிருந்தால் அதற்கு ரசீது காட்டிப் பிடியுங்கள்.

அட்வான்ஸ் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாதவரை 3 மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. உங்களுக்கு 45,000. அது அடுத்தவர் பணம், காலி செய்த ஒரு மாதத்துக்குள் கழிவு போக மீதியைத் திருப்ப வேண்டும். அம்மா பேரில் வைப்புநிதியாகப் போட்டுவையுங்கள், கைச்செலவுக்கு எடுக்காதீர்கள்.

இன்றைக்கே குடிவருபவருக்கு போன் செய்து, இன்னும் எதுவும் முடிவாகவில்லை, முன்பணம் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பிறகு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, 'அந்த வீட்டை என்னம்மா செய்யலாம்?' என்று கேளுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் வாடகையே வேண்டாம், விட்டுவிடுங்கள். சரி என்றால் வரைவு முழுவதையும் வாசித்துக் காட்டுங்கள். பின்னறை பற்றிய வரி அவர் சொல்கிறபடியே இருக்கட்டும்.