ரிங் லைட் வாங்கலாமா? படம் எடுப்பவர்களின் கேள்விகள்

கேள்வி: வரன் பார்க்கும் தளத்தில் போட என் படத்தை வீட்டிலேயே நானே எடுக்க வேண்டும். 10 அங்குல ரிங் லைட் (வளைய விளக்கு), 18 அங்குல ரிங் லைட், சாஃப்ட்பாக்ஸ் (முன்பக்கம் வெள்ளைத்துணி போர்த்திய பெட்டி விளக்கு) மூன்றையும் பார்த்து வைத்திருக்கிறேன். மூக்குக் கண்ணாடி அணிபவள். எதை வாங்குவது?

பதில்: மூன்றையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் வாங்க வேண்டியவை ட்ரைபாடும் புளூடூத் ரிமோட்டும். ஒளி ஜன்னல் வழியாகச் சும்மாவே வருகிறது. கையை நீட்டி எடுப்பதால் வரும் கோணலுக்குத்தான் ட்ரைபாடை விட்டால் வேறு வழியில்லை. அரை மீட்டர் தூரத்திலிருந்து எடுத்தால் மூக்கு பருத்து, காது பின்வாங்கித் தெரியும். லென்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை, தூரம்தான் காரணம். போனை ஒன்றரை மீட்டர் தள்ளி வைத்து, பின்பக்கக் கேமராவில் 2எக்ஸ் ஜூம் போட்டு எடுங்கள்.

ட்ரைபாட் வாங்கும்போது விளம்பரத்தில் இருக்கும் உயரத்தை அப்படியே நம்பாதீர்கள். நடுத்தண்டை முழுக்க இழுத்துவிட்ட உயரம் அது. அந்த நிலையில் மின்விசிறிக் காற்றுக்கே ஆடும். தண்டை இழுக்காமலே உங்கள் கண் மட்டத்துக்கு வரவேண்டும். ரிமோட் பெரும்பாலும் போனின் வால்யூம் பட்டன் செய்யும் வேலையைத்தான் செய்கிறது. எனவே கேமரா அமைப்பில் வால்யூம் பட்டனுக்குப் படமெடுக்கும் வேலையைக் கொடுங்கள். ‘ரிமோட் ஓடவில்லை’ என்று திருப்பி அனுப்பும் முன் இதைப் பாருங்கள்.

இனி ஒளி. நேர்வெயில் விழாத ஜன்னலிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, ஒளி பக்கவாட்டில் சாய்வாக முகத்தில் விழும்படி நில்லுங்கள். நிழல் விழும் கன்னத்தின் பக்கம், அரை மீட்டர் தூரத்தில் 2க்கு 3 அடி வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை நிறுத்துங்கள்; ஒளி அதில் பட்டுத் திரும்பி நிழலைக் குறைக்கும். டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். ஜன்னல் ஒளி ஒரு நிறம், டியூப் இன்னொரு நிறம். இரண்டும் கலந்தால் ஒரு கன்னம் ஒரு சாயல், மறு கன்னம் வேறு சாயல். சுவருக்கும் உங்களுக்கும் ஒன்றரை மீட்டராவது இடைவெளி இருந்தால் பின்னால் நிழல் ஒட்டாது. நிற்கும் இடத்தில் கோலப்பொடியால் ஒரு கோடு போட்டு, அங்கே துடைப்பத்தை நிறுத்திவைத்துத் திரையில் அதன்மேல் அழுத்திப் பிடித்தால் ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும். பிறகு துடைப்பத்தை எடுத்துவிட்டு அதே கோட்டில் போய் நில்லுங்கள்.

மாலையில்தான் நேரம் கிடைக்கும் என்றால் சாஃப்ட்பாக்ஸ். ரிங் லைட் லென்ஸைச் சுற்றி நேராக அடிப்பதால் மூக்கு, தாடை நிழலெல்லாம் அழிந்து, ஆதார் அட்டைப் படம்போல முகம் தட்டையாகிவிடும். கண்ணாடியில் இரண்டு வளையம் வேறு விழும். பக்கவாட்டில் வைத்தாலும் 10 அங்குல வளையம் சிறியது. நிழல் கத்தி வெட்டியதுபோல் விழும். ஒளி மென்மையாக விழ வாட் போதாது, பரப்பு வேண்டும். 60க்கு 90 செ.மீ. சாஃப்ட்பாக்ஸின் பரப்பு அந்த வளையத்தைப்போல் பத்து மடங்குக்கு மேல். அதையும் முகத்திலிருந்து ஒரு மீட்டருக்குள் வைத்தால்தான் பயன். 2 மீட்டருக்கு நகர்த்தினால் வெளிச்சம் கால்பங்காகக் குறையும், நிழலும் கெட்டியாகும். கண்ணாடியில் பளபளப்பு தெரிந்தால் விளக்கைப் பக்கவாட்டில் நகர்த்தி உயர்த்துங்கள். கண்ணாடிக் காலைக் காதுக்கு மேல் ஒரு நூல் தூக்கி வைத்தால் வில்லை கீழ்நோக்கிச் சாய்ந்து, மிச்சப் பளபளப்பும் போகும்.

ஒரு எச்சரிக்கை. மலிவான சாஃப்ட்பாக்ஸ்களின் ஹோல்டர் பெரும்பாலும் திருகு வகை, இ27. நம் வீட்டு பல்புகள் பொதுவாக இரண்டு முள் வைத்த பி22. பல்பு சேர்ந்து வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பெட்டியில் ‘சிஆர்ஐ 95’ என்று இருக்கிறது. ஆனாலும் முகம் செத்துப்போனதுபோல் வெளிறித் தெரிகிறது. ஏன்?

பதில்: சிஆர்ஐ என்பது ஒரு விளக்கொளியில் நிறங்கள் எவ்வளவு இயல்பாகத் தெரிகின்றன என்பதற்கான மதிப்பெண்; வெளிர்நிறங்கள் எட்டின் சராசரி. அடர்சிவப்பு அதில் சேராது; அதற்கு ‘ஆர்9’ என்று தனி எண் உண்டு. தோலுக்கு உயிர் கொடுப்பது அந்தச் சிவப்புதான். ஆர்9 எண் 80க்கு மேல் இருந்தால் நல்லது. எண்ணே போடாத விளக்கைச் சந்தேகப்படுங்கள். விளக்கை ஜன்னல் ஒளியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒயிட் பேலன்ஸை (ஒளியின் நிறத்துக்கேற்பக் கேமரா நிறங்களைச் சரிசெய்யும் அமைப்பு) ஆட்டோவில் விட்டு ஒப்பிட்டால் தெரியாது. ஜன்னல் ஒளியில் 5500 கெல்வின், விளக்கில் அதன்மேல் எழுதியிருக்கும் கெல்வின் எண் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) என்று கையால் வைத்து, உள்ளங்கையையும் குங்குமச் சிமிழையும் இரண்டிலும் படமெடுங்கள். விளக்கில் குங்குமம் செங்கல் நிறமாக மங்கினால் கோளாறு விளக்கில்தான்.

கேள்வி: யுஎஸ்பி ரிங் லைட்டை லேப்டாப்பில் செருகினால் மினுக்கி அணைந்துவிடுகிறது.

பதில்: 10 வாட் விளக்குக்கு 5 வோல்ட்டில் 2 ஆம்பியர் வேண்டும். சாதாரண யுஎஸ்பி 2.0 போர்ட் கொடுப்பது அரை ஆம்பியர். 2 ஆம்பியர் போன் சார்ஜரில் செருகுங்கள்.

கேள்வி: நான் மாநிறத்துக்கும் கறுப்பு. வெள்ளைச் சுவர் முன் எடுத்தால் முகம் இருண்டுவிடுகிறது. இரட்டைத் தாடையும் தெரிகிறது.

பதில்: கேமரா காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். சுவர் வெள்ளையாக இருந்தால் மொத்தத்தையும் குறைக்கும்; பலியாவது முகம். திரையில் முகத்தைத் தொட்டு, வெளிச்சக் குறியை மேலே தள்ளுங்கள். அடர்பச்சை, காவி போன்ற பின்னணி இன்னும் நல்லது. ‘அழகூட்டும்’ வசதியை அணைத்துவிடுங்கள், அது தோல் நிறத்தையே மாற்றிவிடும்.

தாடைக்கு மருந்து நிற்கும் விதத்தில் இருக்கிறது. தோளைச் சற்றுத் திருப்பி, எடையைப் பின்காலில் போட்டு, நெற்றியை ஓர் அங்குலம் கேமராவை நோக்கி நீட்டி, பிறகு மோவாயைச் சிறிது இறக்குங்கள். செய்யும்போது ஆமைபோல உணர்வீர்கள். படத்தில் தாடைக்கோடு தெளிவாக விழும். கேமரா கண் மட்டத்தில் அல்லது ஒரு சாண் மேலே. சட்டத்தில் கண்கள் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் வரட்டும்.

கேள்வி: இணையத்தில் சொன்னது ஒன்று, வந்தது வேறொன்று. ‘ரிட்டர்ன் கிடையாது’ என்கிறார் விற்பவர்.

பதில்: சொன்ன தன்மைக்கு மாறான பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்கின்றன 2020ஆம் ஆண்டு மின்வணிக நுகர்வோர் விதிகள். தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். நடக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். விற்பனைப் பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். புகார் போனதும் அந்த வரிகள் மாறிவிடலாம்.