தொங்கும் கைப்பிடிக்காகப் பூட்டையே மாற்ற வேண்டுமா?

வணக்கம். படுக்கையறைக் கதவின் கைப்பிடி அழுத்தியபின் மேலே எழாமல் தொங்குவதாகவும், முழுப் பூட்டையும் மாற்றச் சொல்கிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். அவசரப்பட வேண்டாம்.

கதவைத் திறந்தே வைத்து, கைப்பிடி பொருத்தப்பட்டுள்ள தகட்டின் திருகுகளைக் கழற்றி, இரு கைப்பிடிகளையும் எடுத்துவிடுங்கள். சிலவற்றில் கைப்பிடியின் கழுத்தடியில் ஆலன் கீயால் (அறுகோண முனையுள்ள வளைந்த சாவி) கழற்றும் சிறு திருகும் இருக்கும். நடுவிலுள்ள சதுரக் கம்பியை மட்டும் பூட்டில் செருகித் திருப்புங்கள். கதவின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் பூட்டின் நாக்கு உள்ளே போகும். அது, கம்பியை விட்டவுடன் சட்டென்று வெளியே வந்தால் பூட்டு நன்றாக இருக்கிறது. கைப்பிடியின் ஸ்பிரிங்தான் போயிருக்கிறது. அப்படியானால் கைப்பிடி ஜோடியை மாற்றினால் போதும், பூட்டுக்குச் செலவு செய்யாதீர்கள். நாக்கு மந்தமாக நகர்ந்தாலோ உள்ளேயே நின்றுவிட்டாலோ மட்டும் பூட்டைக் கவனிக்க வேண்டும்.

கடைக்குப் பழைய கைப்பிடியைக் கையோடு கொண்டுபோங்கள். சதுரக் கம்பியின் மையத்திலிருந்து சாவித்துளையின் மையம் வரை உள்ள தூரத்தை மில்லிமீட்டரில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இது சற்று மாறினாலும் சாவி நுழையாது, பலர் ஏமாறுவது இங்கேதான். கம்பியின் தடிமனையும் கதவின் கனத்தையும் சேர்த்தே குறியுங்கள்.

மரத்தில் திருகுத்துளை தளர்ந்திருந்தால், பசை தடவிய தீக்குச்சிகளைத் தலை நீக்கி உள்ளே திணித்து, நன்கு காய்ந்தபின் திருகை முடுக்குங்கள்.